நெஞ்சு வலி என்று வந்த தலைவலி

எண்பதுகளில் மாத்தளைப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் ஈ.சி.ஜி. எடுப்பது என் உத்தியோகம். அங்கே எழுதப்படாத விதி ஒன்று ஊருக்கே தெரியும். தலைவலி என்று வந்தால் வரிசை, பிறகு பெனடோல் மாத்திரை. நெஞ்சு வலி என்று வந்தால் உடனே தள்ளுவண்டி. ஆகவே கால் சுளுக்கியவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நொண்டுவார். சுற்றறிக்கைகளை மனப்பாடமாக வைத்திருந்த நான் இதைத் திருத்தப் போகவில்லை. சுற்றறிக்கைகளைவிட இது ஒழுங்காக நடந்தது.

ஒரு பகல், பலாபத்வலையில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் மனைவியைக் கொண்டுவந்தார். நெஞ்சு வலி, வாந்தி, மயக்கம் என்றார். ஈ.சி.ஜி. எடுத்தேன். அலைகள் தலைகீழாகத் தொங்கின. மாரடைப்பு என்று பாடப்புத்தகத்தில் போடலாம். டொக்டர் பார்த்துவிட்டு, இரத்தம் உறையாமலிருக்க ஊசி போடச் சொன்னார். தாதி அதை எடுக்கப் போனார்.

"வலி எப்ப தொடங்கினது, நானா?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். அந்தக் கவலையிலும் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

"நெஞ்சு வலி நான் போட்டது சேர். இவ தலையப் பிடிச்சிட்டு, மண்ட வெடிக்குதுண்டு கத்தித்தான் விழுந்தா. தலவலிண்டு சொன்னா உள்ள எடுப்பாங்களா?"

மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தால் அந்த ஊசி ஆளை முடித்துவிடும்.

"டொக்டரிட்டச் சொல்லுங்கோ. இப்பவே."

"சொன்னா திரும்ப வரிசைல போட்டுடுவாங்க சேர்."

"வரிசையில நிக்க ஆள் உயிரோட வேணுமே, நானா."

சொன்னார், சிங்களத்தில், தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தபடி. டொக்டர் ஏசவில்லை. அந்த அம்மாவின் தலையைத் தலையணையிலிருந்து தூக்கப் பார்த்தார். கழுத்து பலகை போல விறைத்திருந்தது; மூளைக்குள் இரத்தம் கசிந்ததற்கு அது அடையாளம். ஊசியோடு வந்த தாதியைக் கை காட்டி நிறுத்தினார்.

"அப்ப மெஷினும் பொய் சொல்லிச்சா?" என்றார் நானா. தனக்காகச் சாட்சி சொன்ன இயந்திரத்தைக் கைவிட அவருக்கு மனமில்லை.

மெஷின் சரிதான் என்றார் டொக்டர். மூளைக்குள் பெரிதாக ஏதும் நடந்தால் அது நரம்புகள் வழியே இதயத்தை உலுக்கும். இதயத்தின் மின்னோட்டம் குழம்பும். தாளில் மாரடைப்பு மாதிரியே விழும். மேலிடத்தில் கோளாறு, கீழே இருப்பவனிடம் விளக்கம் கோரல்: அரசாங்க சேவையிலிருந்த எனக்கு உடனே விளங்கியது.

அந்த நாட்களில் இரவானால் ஊரடங்கு. அது தொடங்குமுன் அம்புலன்ஸ் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டது. இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவெடுத்த நானா, வழியில் மறித்த இராணுவத்தினரிடம் மனைவி காலையில் சாப்பிட்ட இடியப்பம் வரை ஒப்புவித்தாராம். கேட்டு முடிக்கப் பொறுமையின்றி விட்டுவிட்டார்கள்.

சில வாரங்கள் கழித்து, கண்டியில் சுகமாகி, அந்த அம்மா தானே நடந்து வந்து ஈ.சி.ஜி. கட்டிலில் படுத்தார். தாள் மெதுவாக வெளியே வந்தது. அலைகள் நிமிர்ந்திருந்தன.

"சரியா சேர்?" என்று கேட்டார் நானா.

"சரி."

நானா கதிரையில் உட்கார்ந்து அழுதார்.

"என்ன மனிசன் இவரு," என்றார் அந்த அம்மா, படுத்தபடியே. "சரிண்டு சொன்னதுக்குப் போய் அழுறாரே."