அண்ணனுக்கு வைத்த காக்காச் சோறு

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவன் அண்ணன் ஒருவன்தான். நான் எட்டாவதோடு நின்று, பூந்தமல்லியில் கழனியைப் பார்த்துக்கொண்டேன். சென்னையில் பட்டம் வாங்கிய பிறகு, மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அவனுக்குச் சீமையில் இடம் கிடைத்தது. அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை.

“மண்ணப் படிக்க எதுக்குடா கப்பலு? நம்ம கழனில இல்லாத மண்ணா?”

“அந்த மண்ணு வேறம்மா.”

“வேறன்னா இன்னா, நெல்லு தலகீயா மொளைக்குமா?”

அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அண்ணனின் கடிதங்களை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். அங்கே சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுமாம். அறையில் குளிர் தாங்காமல், மூடுகிறவரை புத்தகசாலையிலேயே உட்கார்ந்திருப்பானாம். அவனுடைய பெயர் வாயில் நுழையாததால் பேராசிரியர் அதைப் பாதியாக வெட்டிவிட்டாராம். எல்லோரும் அந்தப் பாதியைத்தான் கூப்பிடுகிறார்களாம். அவன் தங்கியிருந்த வீட்டிலேயே இலங்கை மாணவன் ஒருவனும் இருந்தான். தமிழ் பேச அவனுக்கு அந்த ஒரு ஆள்தான்.

உலகச் சண்டை வந்தது. கடிதங்கள் குறைந்தன. ஒரு நாள் மத்தியானம் தபால்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தந்தியை நீட்டினார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. குண்டு விழுந்து அண்ணன் இறந்துவிட்டதாக அதில் இருந்தது.

உடல் இல்லை. வைக்கோலில் பொம்மை கட்டி, அவன் விட்டுப்போன வெள்ளைச் சட்டையை அதற்கு மாட்டினார்கள். கொள்ளி வைத்தது நான். தீ பற்றியதும் சட்டையின் ஒரு கை மட்டும் மெல்ல மேலே எழுந்தது. நெருப்பில் துணி அப்படித்தான் எழும்பும் என்று பெரியப்பா சொன்னார். அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. அதன்பின் ஒவ்வொரு அமாவாசையும் உச்சி வேளையில் அம்மா பின்கட்டுச் சுவரில் இலை போட்டுச் சோறு வைத்து, அண்ணனின் பெயரைச் சொல்லிக் காக்கையைக் கூப்பிடுவாள். “வாடா கண்ணு, வந்து துன்னுட்டுப் போ.”

ஐந்து மாதம் கழித்து அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கப்பலில் தாமதமாக வந்த பழைய கடிதம் என்றுதான் பிரித்தேன். தேதியை இரண்டு முறை பார்த்தேன். தந்தி வந்து பத்து நாளுக்குப் பிறகு எழுதியது. தங்கியிருந்த வீடு இடிந்து வேறு இடம் மாறிவிட்டதாகவும், கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தான்.

அம்மா காகிதத்தை வாங்கி மோந்து பார்த்தாள்.

“கொள்ளி வச்சது நீதானே?”

“பொம்மைக்குத்தாம்மா.”

“கருமாதி ஆயிப்போச்சி. இப்ப சோத்த நிறுத்தினா, அங்க பட்டினியா கெடப்பான். நான் நிறுத்த மாட்டேன்.”

மேலும் சில கடிதங்கள் வந்தன. அம்மா சோற்றை நிறுத்தவில்லை. பதில் எழுத நான் உட்காருவேன். உன்னை எரித்துக் கருமாதியும் செய்து முடித்துவிட்டோம் என்று ஒருவனுக்கு எப்படி எழுதுவது? மழை பெய்தது, மாடு கன்று போட்டது என்று எழுதி உறையை ஒட்டிவிடுவேன்.

சண்டை ஓய்ந்த பிறகு அண்ணன் வந்தான். ஆவடி ஸ்டேஷனிலிருந்து அவனை ஏற்றிவந்த ஜட்கா வண்டிக்கார பாய் எங்கள் தெருக்காரர்தான்.

“எறங்கு நைனா. வண்டில ஏறசொல்லோ உன் காலு தரைல படுதான்னு பாத்துகினேன். பட்ச்சி. அப்பால தான் குதிரைய தட்னேன்.”

அண்ணனுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே இறங்கினான். அம்மா நிலைப்படியில் குறுக்கே நின்றாள்.

“பின்னால வா. கருமாதி ஆனவன் தலவாசல்ல வரக்கூடாது.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அவனுக்குப் பின்கட்டில் பாய் போட்டாள், வேளைக்குச் சோறும் போட்டாள். முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். தந்தி வந்ததையும் கருமாதி செய்ததையும் நான்தான் அவனிடம் சொன்னேன். ஆவடிப் பக்கம் விமானம் போனால் அவன் எழுந்து சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பான். அமாவாசை வந்தது. வழக்கம்போல அம்மா சுவரில் இலை போட்டு அவன் பெயரைக் கூப்பிட்டாள்.

“வந்துட்டேம்மா” என்று பின்கட்டிலிருந்து குரல் வந்தது.

அம்மா திரும்பவில்லை. காக்கையைப் பார்த்தே மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் பதில் வந்தது. அடுத்த அமாவாசையும் அப்படியே நடந்தது.

மூன்றாவது அமாவாசையில் காக்கை வந்து சுவரில் உட்கார்ந்தது. சோற்றைத் தொடவில்லை. பின்கட்டுப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தபடியே இருந்தது. அண்ணன் வெளியே வந்தான்.

“என் பேரச் சொல்லிக் கூப்டாதம்மா. அந்தச் சோறு எனக்கு இல்ல.”

அம்மா சுவரைப் பார்த்தபடி நின்றாள். அவள் முதுகிடம்தான் அவன் சொன்னான்.

“குண்டு விழுந்த அன்னிக்கு எனக்கு ராத்திரி பூரா காலேஜ்ல வேல. எங்கூட இருந்த இலங்கைப் பையனுக்கு இருமல். என் கோட்ட அவனுக்குக் குடுத்துட்டுப் போனேன். அத போட்டுகினேதான் அவன் செத்தான். பாக்கெட்ல தம்பி எழுதின கடுதாசி இருந்துது. அதுல இருந்த விலாசத்துக்குத் தந்தி அடிச்சிட்டாங்க. எங்க ரெண்டு பேர் மூஞ்சிக்கும் அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. மறுநாள் காலேஜ் கதவுல செத்தவங்க பேர ஒட்டியிருந்தாங்க. என் பேரு இருந்துது. உயிரோட இருக்க சொல்லோ பாதிதான் சொல்வாங்க. அதுல முழுசா எழுதியிருந்தாங்க. உள்ள போயி, நான் இருக்கேன்னு சொன்னேன். என் பேர அடிச்சிட்டு அவன் பேர எழுதினாங்க. இங்க தந்தி வந்தது அப்ப எனக்குத் தெரியாதும்மா.”

காக்கை பறந்துவிட்டது. அம்மா திரும்பாமலே கேட்டாள்: “அவனுக்கு அம்மா கீறாளா?”

“கீறாங்க.”

“அவன் இன்னாத்த ஆசையா துன்னுவான்?”

“மீன் கொழம்பு. எப்பவும் அதே பேச்சுதான்.”

அடுத்த அமாவாசை எங்கள் வீட்டில் மீன் கொதித்தது. அன்றைக்குக் கவுச்சி சமைக்கும் வழக்கம் எங்கள் தெருவிலேயே கிடையாது. அம்மா அந்தப் பையனின் பெயரை அண்ணனிடம் கேட்டு, இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, சுவரருகே போய்க் கூப்பிட்டாள். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. காக்கை வந்து மீனை முதலில் கொத்தியது. பின்கட்டிலிருந்து பதில் எதுவும் வரவில்லை.

அம்மா திரும்பி அண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னாடா இப்டி எளைச்சிப்போய்ட்ட. வாசப்பக்கமா சுத்திகினு வா, சோறு போடறேன்.”

அவன் வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குப் போய், தலைவாசல் வழியாக உள்ளே வந்தான். நான் ஒதுங்கி வழி விட்டேன்.

அம்மா இப்போது இல்லை. அமாவாசைக்கு நான் இரண்டு இலை போடுகிறேன், ஒன்று அவளுக்கு, ஒன்று அந்தப் பையனுக்கு. கூப்பிட்டுவிட்டு, உள்ளேயிருந்து யாராவது பதில் சொல்கிறார்களா என்று கொஞ்ச நேரம் நின்று கேட்பேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.