நான் நேராக்கிய கோடு

நான் செய்வதைக் கலை என்றால் விஞ்ஞானம் படித்தவர்கள் சிரிப்பார்கள். விஞ்ஞானம் என்றால் ஓவியர்கள் சிரிப்பார்கள். எங்கள் சின்னம்மா மட்டும் சிரிப்பதில்லை. நான் கொம்பியூட்டர் திருத்துகிறேன் என்று ஊருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு கண்காட்சிக்கு, யாரும் அள்ளாத கிணறொன்றின் நீர்மட்டத்தை ஒரு முழுநாள் அளந்து, இயந்திரப் பேனையால் நீளத் தாளில் கீறித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அசையாத தண்ணீர், ஒற்றை நேர்கோடு. 'அமைதி' என்று தலைப்பும் கொடுத்தாயிற்று. காங்கேசன்துறையில் தெரிந்த அக்கா ஒருவர் தன் கிணற்றைத் தந்தார். அந்த ஒரு நாள் அள்ளாமல் இருக்க, பீப்பா, வாளி, கிடாரம் எல்லாம் முன்கூட்டியே நிரப்பி வைத்தார். ஒரு மதியம் அளக்கும் கருவியை உள்ளே இறக்கினேன்.

மறுநாள் காலையே போய், அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்தபடி காத்திருந்தேன். மதியம் மடிக்கணினியைத் திறந்தால், கோடு இரண்டு தரம் ஏறி இரண்டு தரம் இறங்கியிருந்தது. விடிந்தால் கண்காட்சி. கருவியைக் குலுக்கினேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். கடைசியில், சுருங்கிய சேர்ட்டை மினுக்குவதுபோல, மென்பொருளால் கோட்டை நேராக்கிவிட்டேன். பழியைப் போட ஒரு தலை வேண்டுமே. தவறுதலாகத் தண்ணீர் அள்ளினீர்களா என்று அக்காவைப் பக்குவமாகக் கேட்டேன்.

"நான் அள்ளினா இறங்கும், தம்பி. ஏறியும் கிடக்கெண்டெல்லோ சொல்லுறீர். திருப்பி ஊத்தினனானோ?"

பிறகு கிணற்றடிக்குக் கூட்டிப்போய், உட்சுவரில் துருத்திய வெள்ளைக் கல்லொன்றைக் காட்டினார். "காலமை அது தண்ணிக்குள்ளை கிடந்தது. கடல் ஏறினா கிணறும் ஏறும். உமக்குத் தெரியாதே?"

கடலில்லாத இணுவிலில் பிறந்த எனக்குத் தெரியாது. அக்காவின் கிணற்றடியிலிருந்தும் கடல் தெரியவே இல்லை. வீடுகளுக்கும் மதில்களுக்கும் அப்பால் எங்கோ கிடந்தது. அது சுண்ணாம்புக்கல்லின் துளைகளுக்குள்ளால் வந்து, நல்ல தண்ணீரைக் கீழிருந்து தோள்கொடுத்துத் தூக்கிவிட்டுத் திரும்பிப் போகிறது. எங்கள் காலுக்கடியில், நாளுக்கு இரண்டு தரம், ஒரு சத்தமுமில்லாமல். அதைத்தான் நான் பிழையென்று மினுக்கியிருந்தேன். கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு பின்னேரம்வரை நின்றேன். தண்ணீர் ஏறி அந்தக் கல்லைத் தொட்டது.

நேர்கோட்டை அழித்தேன். மறுநாள் சுவரில் ஏறியிறங்கிய கோடுதான் தொங்கியது. தலைப்பை மாற்ற மட்டும் நேரமிருக்கவில்லை. அக்கா நல்ல சாரி உடுத்து வந்து, கோட்டோடு மெல்ல நடந்தார். ஓரிடத்தில் ஊசிமுனை அளவு பள்ளம். அங்கே நின்று என் காதுக்குள் சொன்னார்:

"இது நான்தான், தம்பி. ஒரு வாளி. பீப்பாத் தண்ணியிலை உமக்குத் தேத்தண்ணி போட்டுத் தர ஏலுமே?"

அன்று நான் இரண்டு கோப்பை குடித்திருந்தேன்.