எண்ணூற்றைம்பது

அப்பாவைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை என் கையாலேயே அழித்துவிட்டேன் என்று பன்னிரண்டு வயதிலிருந்து ஏழு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. மாமாவுக்கு மட்டும் தெரியும்.

அப்போது ஓசூரில் பாகலூர் ரோட்டோரம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அப்பா சிப்காட்டில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் உலை ஆபரேட்டர். கியர்களை எண்ணூற்றைம்பது டிகிரி சூட்டில் வைத்திருந்து எண்ணெயில் இறக்க வேண்டும். சூடு இறங்கினால் இரும்பு இறுகாது. அம்மாவின் தம்பியான மாமா தென்காசியிலிருந்து வந்து எங்களோடு தங்கி, அதே கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். உலையின் சூட்டைக் கால் மணிக்கு ஒருமுறை ஒரு ஃபைலில் எழுதிவைக்கும் புரோகிராம் அவர் எழுதியதுதான்.

அந்த வருடம் ஒரு லாரி நிறைய கியர்கள் இறுகவில்லை என்று திரும்பி வந்தன. எல்லாம் அப்பாவின் ஷிப்டில் போனவை. அப்பா தன் நோட்டைக் காட்டினார். அரை மணிக்கு ஒருமுறை 850 என்று எழுதியிருந்தது. மெஷின் என்ன எழுதியிருக்கிறதென்று பார்த்துவிடலாம் என்றார்கள். வாராவாரம் பழையதை பிளாப்பியில் எடுத்துவைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் அழிப்பது வழக்கம். அந்த வாரத்து பிளாப்பி மாமாவிடம் இருந்தது. திங்கட்கிழமை விசாரணைக்கு அதைப் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னார்கள். நோட்டு பொய் என்று தெரிந்தால் அப்பாவுக்கு வேலை இருக்காது.

ஞாயிறு காலை மாமா அறையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் அந்த பிளாப்பியைப் போட்டு அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இட்லி தட்டோடு ஆறிப்போனது. பிறகு பிரிண்டருக்குப் பேப்பர் வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார். அம்மாவும் அப்பாவும் மலைக்கோயிலுக்குப் போயிருந்தார்கள். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். நான் எந்த லட்சணத்தில் படிப்பேன் என்பது அவர்களுக்கே தெரியும்.

அப்பாவைக் காப்பாற்றப்போகும் எண்களைப் பார்க்க ஆசைப்பட்டு, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்தேன். ஒரு எண்கூட இல்லை. R, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், மறுபடி R, மறுபடி கட்டம் என்று திரை முழுக்க ஓடியது. இடையிடையே Q, S. என் பெயர் R-இல் தொடங்குவதால் சிரிப்பு வந்தது. நடுவில் ஓரிடத்தில் R காணாமல் போனது. அங்கே A, 6, ஒரு கூட்டல் குறி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே கட்டம். அப்புறம் திரும்பவும் R.

பூசணம் பிடித்த பிளாப்பியில் இப்படித்தான் கிறுக்கல் வரும் என்று மாமா எப்போதோ சொல்லியிருந்தார். இந்த பிளாப்பியும் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்பாவின் நோட்டு மேஜைமேல்தான் இருந்தது. கிறுக்கல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நோட்டைப் பார்த்து 850, அதன் கீழே 850 என்று பக்கம் பக்கமாக அடித்தேன். பிழையில்லாமல் அடித்தேன். சேமித்தேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு புத்தகத்தைத் திறந்தேன்.

மாமா வந்து தன் புரோகிராமை ஓட்டினார். 13624, 3376, 14346 என்று வந்தது. பூமியில் எந்த உலையும் தாங்காத சூடு.

"ஏட்டி, இதத் தொட்டியா?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எண்களை அதில் எழுத்தாக எழுதுவதில்லை, ஒவ்வொரு எண்ணும் இரண்டு பைட்டாக இருக்கும், நீ அடித்த எட்டையும் ஐந்தையும் சேர்த்து மெஷின் ஒரே எண்ணாகப் படிக்கிறது என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். தலைமேல் கை வந்து அமர்ந்தது. அந்தக் கை நடுங்கியது.

"யார்ட்டயும் சொல்லாத. அம்மாட்டயும்தான்."

கோயிலிலிருந்து திரும்பிய அப்பாவிடம் வாசலிலேயே சொன்னார். "அத்தான், பிளாப்பி கெட்டுப் போச்சு. என் தப்புதான், சரியா வைக்கல. ஒண்ணும் படிக்க முடியல."

அப்பா திருநீற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சரி, விடுடே" என்று மட்டும் சொன்னார். அம்மாதான் மாமாவைத் திட்டித் தீர்த்தாள்.

சாட்சி இல்லாததால் அப்பாவின் வேலை போகவில்லை. உலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். மாமாவுக்கு அஜாக்கிரதை என்று மெமோ கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டார். அப்பா ஸ்டோர் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போகும் ஒவ்வொரு காலையிலும் எனக்குக் குற்றவுணர்ச்சியாக இருக்கும். என்னால்தானே என்று.

கல்லூரியில், கிருஷ்ணகிரியில், இரண்டாம் வருட லேபில் ஒரு பயிற்சி. முழு எண்களை, மாமா அன்று சொன்னதுபோல் இரண்டிரண்டு பைட்டாக, பைனரி ஃபைலில் எழுதித் திரும்பப் படிக்க வேண்டும். எல்லோரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினார்கள். என் கை தானாக 850 என்று அடித்தது. எழுதிய ஃபைலை நோட்பேடில் திறந்தேன். R, பக்கத்தில் ஒரு கட்டம்.

அது கிறுக்கல் இல்லை, நோட்பேட் ஒவ்வொரு பைட்டையும் ஒரு எழுத்தாகக் காட்டியிருக்கிறது. அன்று என் முன்னால் ஓடியது அப்பாவின் உலைதான். Q என்றால் 849, S என்றால் 851. அதோடு நிறுத்தியிருக்கலாம். மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. A வரும்வரை எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 833. 6 என்றால் 822. கூட்டல் குறி, 811.

உலை இறங்கியிருக்கிறது. முக்கால் மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. ஷிப்ட் தொடங்கும்போதே பக்கம் முழுக்க 850 எழுதி முடித்துவிடுவது ஆபரேட்டர்கள் எல்லோரும் செய்வதுதான் என்று அதற்குள் எனக்கும் தெரிந்திருந்தது. அந்த முக்கால் மணி அப்பா எங்கே போயிருந்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

மாமா காலையிலேயே படித்திருந்தார். படித்துவிட்டுத்தான் இட்லியைத் தொடாமல் பேப்பர் வாங்கப் போனார், தன் அக்கா புருஷனின் வேலையைப் போக்கப்போகிற பக்கத்தை அச்சடிக்க. திரும்பி வந்தபோது அதை ஒரு சிறுமி அழித்து வைத்திருந்தாள். தலைமேல் இருந்த கையை மன்னிப்பு என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன். அது ஏன் நடுங்கியது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.