கரும்புப் பட்டியலை டேப்பில் ஏற்றிய நாள்

நீங்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முன்னால் நான் ஒரு சர்க்கரை ஆலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். ஆபரேட்டர் என்றதும் பெரிய படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பத்தாவது முடித்துவிட்டு, கள்ளக்குறிச்சியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன், அவ்வளவுதான். விரல் வேகமாக ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். மெஷினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சென்னையிலிருந்து வந்த இஞ்சினியர் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்த கட்டளைகள். நோட்டில் எப்படி இருந்ததோ அப்படியே அடிப்பேன். வேலை நடக்கும். ஏன் நடக்கிறது என்று கேட்டால் தெரியாது.

ஆலையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. பழையது கரும்பு ஆபீசில். புதியது லாரிகள் நிற்கும் மைதானத்துக்கு அந்தப் பக்கம், மெயின் ஆபீசில். இரண்டுக்கும் நடுவே ஒரு கறுப்பு வயர் கம்பத்துக்குக் கம்பம் கட்டிப் போயிருந்தது. அதன் வழியாக ஒன்று மற்றதோடு பேசும் என்றார்கள். அப்போது எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை.

பழைய மெஷினுக்குள்தான் கரும்புப் பட்டியல் இருந்தது. எந்த ஊர், எந்த விவசாயி, எத்தனை ஏக்கர், என்றைக்கு நட்டார் என்று அதில் ஏறியிருக்கும். முன்னால் நட்டவர் கரும்பு முன்னால் வெட்டப்படும். அந்த வரிசைப்படிதான் வெட்டு ஆர்டர் போகும். வரிசை தப்பி, கரும்பு வயலிலேயே நின்றுபோனால் பூ விட்டுவிடும், சாறு வற்றிவிடும். ஒரு குடும்பத்தின் ஒரு வருஷப் பாடு விறகாகிவிடும்.

அது இட ஒதுக்கீட்டுக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம். ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருப்பார்கள். பஸ் இன்று வரும், நாளை வராது. ஆபீசில் எல்லாரும் ஒரே மேசையில் சோற்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்தோம், அந்த மாதங்களில் மேசை இரண்டானது. யாரும் சண்டை போடவில்லை. பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள், அது இன்னும் மோசமாக இருந்தது. வெளியே எந்த அதிகாரி என்ன செய்தாலும், அவன் யாருடைய ஆள் என்றுதான் முதல் கேள்வி. கம்ப்யூட்டர் பட்டியலை மட்டும் இரண்டு பக்கத்துக்காரர்களும் நம்பினார்கள். "மெஷினு யாரு வூட்லயும் சோறு துன்றதில்லிங்களே" என்று ஒருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அரவை தொடங்கப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு காலையில் அந்தப் பழைய மெஷின் கத்த ஆரம்பித்தது.

என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் இருந்தார். சின்னசேலம் பக்கம். என்னைவிட ஆறு வயது மூத்தவர், என்னைவிட ஆறு மடங்கு தைரியம். அவர்தான் முதலில் கேட்டார்.

"இன்னா தம்பி இது, மாவு மில்லு மாதிரி சத்தம் போடுது?"

டிஸ்க் தேய்கிற சத்தம். பட்டியல் முழுக்க அந்த டிஸ்கில்தான் இருந்தது. எந்த நேரமும் நின்றுபோகும், நின்றால் உள்ளே இருப்பது போனதுதான். வழக்கமாக வாரம் ஒரு தடவை பட்டியலை டேப்பில் நகல் எடுத்து வைப்போம். பாட்டு கேசட் மாதிரியே, கொஞ்சம் பெரியது. ஆனால் பழைய மெஷினில் டேப் ஓட்டும் ரப்பர் உருளை வெயிலில் இளகிப் பசையாகி இரண்டு மாதமாக வேலை செய்யவில்லை. அந்த இரண்டு மாதத்தில்தான் பதிவுகள் பெரும்பாலும் ஏறியிருந்தன. எழுதி வாங்கிய சீட்டுகள்? குடோன் கூரை ஒழுகி பாதி கூழாகிவிட்டது. அச்சடித்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். முழுப் பட்டியலும் அச்சாக ஒன்றரை நாள் பிடிக்கும். அதுவரை டிஸ்க் தாங்கும் என்று யார் சொல்வது?

கரும்பு அதிகாரி இஞ்சினியருக்கு டிரங்க் கால் போட்டார். அதிகாரி நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. பேசி முடித்துவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"நீயே கேளுப்பா. எனக்கு அவன் பேசறது புரியல, அவனுக்கு நான் பேசறது புரியல."

இஞ்சினியர் கத்தினார், லைன் அப்படி. "நான் எப்படிங்க வர்றது? பஸ்ஸைத் திண்டிவனத்தோட திருப்பி வுட்டுட்டான். ரோடு பூரா மரம்! நோட்டுல கடைசிப் பக்கம் பாருங்க. வயர் வழியா அந்த மெஷின் டேப்புக்கு ஏத்துற கட்டளை கீது. அத அடிங்க."

"அத ஒரு தடவகூட செஞ்சதில்லிங்களே சார்."

"இப்ப செய்யுங்க" என்றார். லைன் அறுந்துவிட்டது.

அக்காவைக் கரும்பு ஆபீசில் பழைய மெஷின் பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் நோட்டை எடுத்துக்கொண்டு மைதானத்தைத் தாண்டி ஓடினேன். புதிய மெஷினில் டேப் இருந்தது. இரண்டு அறைக்கும் நடுவே இன்டர்காம். கட்டளையை எழுத்து எழுத்தாக அடித்தேன். டேப் சுற்றியது. முக்கால் மணி நேரம் சுற்றி அழகாக நின்றது. எந்தத் தப்பும் காட்டவில்லை. எனக்குப் பெருமை.

"முடிஞ்சிது அக்கா!"

"படிச்சிப் பாத்தியா?"

பார்க்கவில்லை. டேப்பில் என்ன இருக்கிறது என்று பட்டியலிடச் சொன்னேன். இது என்ன டேப் என்றே எனக்குத் தெரியவில்லை என்கிற மாதிரி மெஷின் இரண்டு வரி காட்டிவிட்டு நின்றுவிட்டது. திரும்ப அடித்தேன். அதே இரண்டு வரி.

டேப் கெட்டது என்று நினைத்து வேறு டேப் போட்டேன். இன்னொரு முக்கால் மணி. மறுபடியும் அதே பதில். முதலுதவி அறைக்குப் போய் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்து, மெஷினில் டேப்பைப் படிக்கும் தலையைத் துடைத்தேன். துடைத்துவிட்டு, புதிய மெஷினிலேயே இருக்கும் ஏதோ ஒரு கோப்பை ஏற்றிப் படித்தேன். நன்றாகப் படித்தது. அப்படியானால் டேப்பில் குறையில்லை. வயரா? வயர் வழியாகப் பழைய மெஷினுக்குள் நுழைந்து பார்த்தேன். உடனே உள்ளே விட்டது, வழக்கம்போல பிள்ளையார் சுழியைக் காட்டியது. வயரும் நல்லாத்தான் இருக்கிறது.

இன்டர்காமில் அக்கா, "தம்பி, சத்தம் ஜாஸ்தியாவுது. நடுவுல நடுவுல நின்னு நின்னு போவுது. சீக்கிரம் இன்னாவாவது பண்ணு" என்றார்.

அந்த நேரம் பார்த்து வடக்கனந்தலிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து ஜன்னல் பக்கம் நின்றார். பஸ் இல்லாததால் அங்கிருந்து மிதித்தே வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவருக்குப் பின்னால் கல்வராயன் மலை மேகம் மூடிக் கிடந்தது. மழை வந்தால் கரென்ட் போகும், கரென்ட் போனால் அந்த டிஸ்க் திரும்பச் சுற்றாது. நான் மலையைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார்.

"ஏங்க, எங்கரும்பு எத்தினாவதா நிக்குது? குத்தகை நெலம்ங்க. சித்திரைக்குள்ள வுட்டுடணும். அதுக்குள்ள வெட்டு வந்துடுங்களா?"

"வந்துடுங்க. சாயங்காலமா கேளுங்க, சொல்றேன்" என்றேன். அது பொய்யா நிஜமா என்று எனக்கே தெரியாது. அவர் போய் வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டார். பட்டியல் போனால் அவருக்கு வரிசையும் இல்லை, கேட்க நாதியும் இல்லை. யார் சத்தமாகக் கேட்கிறார்களோ அவர்கள் கரும்புதான் முதலில் வெட்டப்படும். அந்த வருஷத்தில் அது அடிதடியில் போய் முடிந்திருக்கும்.

இனிமேல் அடிக்க நோட்டில் கட்டளை எதுவும் இல்லை. சரி, டேப்பின் தலைப்பகுதியில் இருப்பதை அப்படியே திரையில் கொட்டிப் பார்ப்போம், குப்பையாகவே இருக்கட்டும் என்று கொட்டினேன்.

குப்பை வருவதற்கு முன்னால், திரையின் உச்சியில், நட்சத்திரக் குறிகளாலேயே வரைந்த ஒரு 'உ' வந்து நின்றது.

என் பிள்ளையார் சுழி.

அதைப் போட்டது நான்தான். முந்தின வருஷம் சரஸ்வதி பூஜை சமயத்தில், நாம் எதை எழுதினாலும் மேலே சுழி போட்டுத்தானே எழுதுகிறோம், இந்த மெஷின் மட்டும் வெறுமனே தொடங்குகிறதே என்று மனசு கேட்கவில்லை. யார் உள்ளே நுழைந்தாலும் முதலில் சுழி வரும்படி, மெஷின் தொடங்கும்போது படிக்கிற கோப்பில் ஏழெட்டு வரி சேர்த்துவைத்தேன். எல்லாரும் பார்த்துப் பாராட்டினார்கள். அதிகாரிகூட செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் டெர்மினல் திரை முன்னால் உட்காருவார்.

இப்போது புரிந்தது. வயர் வழியாகக் கேட்கும்போது, புதிய மெஷினும் ஓர் ஆள் மாதிரிதான் பழையதற்குள் நுழைகிறது. பழையது யார் வந்தாலும் சுழி போட வேண்டும் என்று நான் சொல்லிவைத்தபடி முதலில் சுழியைப் போட்டுவிட்டு, அதற்குப் பின்னால் பட்டியலைக் கொட்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து டேப்பில் ஏறிவிட்டன. டேப்பைப் படிக்கிற நிரல் தன்னுடைய அடையாளம் தலையில் இருக்கிறதா என்று பார்க்கிறது. அங்கே நட்சத்திரங்கள். இது என்னுடையது இல்லை என்று தள்ளிவிடுகிறது. முன்பெல்லாம் டேப் பழைய மெஷினிலேயே ஓடியதால் சுழி திரையோடு நின்றது, தெரியவில்லை.

அதிகாரி என் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. திரையைப் பார்த்தார்.

"இது இன்னாய்யா?"

"நான் போட்டதுதாங்க சார். டேப்புலயும் முதல்ல அவர்தான் ஏறிட்டாரு."

வேலை போகும் என்று நினைத்தேன். அவர் திரைக்குக் கிட்டே குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "விக்கினத்தத் தீக்கற சாமியக் கொண்டாந்து நீ விக்கினம் பண்ணிகினு கீற" என்றார். "அவர அழிச்சிடாத. ஒரு ஓரமா உக்காரச் சொல்லு. மொதல்ல பட்டியல் ஏறட்டும்."

அந்த வரிகளை நிறுத்த வேண்டுமானால் பழைய டிஸ்கில் எழுத வேண்டும். எழுதும்போது நின்றுவிட்டால்? இன்டர்காமில் அக்காவைக் கேட்டேன், சத்தம் எப்படி என்று. "நீ கேக்கறதுக்குள்ள அது செத்துடும், எழுதுப்பா" என்றார். அந்த வரிகளைச் செயல்படாமல் செய்து சேமித்தேன். "இன்னும் சுத்துது" என்று குரல் வந்தது.

மூன்றாவது டேப்பைப் போட்டேன். அந்த முக்கால் மணியில் அக்கா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "சுத்துது, சுத்துது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டேப் நின்றது. பட்டியலிடச் சொன்னேன்.

திரையில் ஊர்ப் பெயர்கள் இறங்கின. மணலூர்பேட்டை. நைனார்பாளையம். வடக்கனந்தல். ஒன்றின் கீழ் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதிகாரி பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு நம்பிக்கை போதவில்லை, இன்னொரு டேப்பிலும் ஏற்றினேன். அதுவும் படித்தது. அதற்குப் பிறகுதான் வேப்பமரத்தடிக்குப் போனேன்.

"உங்க வெட்டு தை மாசத்துல வருதுங்க. நிச்சயம்."

"அத அப்பவே சொல்லியிருந்தா வெயிலுக்கு முன்ன வூடு போயிருப்பேனே" என்று சலித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பழைய மெஷின் சத்தம் போடுவதை நிறுத்தியது. எந்தப் பொத்தானைத் தட்டியும் எழவில்லை. அக்கா அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். டேப்பை இரண்டு இடத்தில் பூட்டிவைத்தோம், ஒன்று அதிகாரியின் பீரோவில், ஒன்று அக்காவின் மேசையில். இஞ்சினியர் வர நான்கு நாள் ஆனது, அந்த நான்கு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரோடு திறந்து, இஞ்சினியர் புது டிஸ்கோடு வந்து, டேப்பிலிருந்து பட்டியலை இறக்கினார். ஒரு பெயர் குறையவில்லை. சுழி விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டெர்மினலில் ஆள் உட்கார்ந்தால் மட்டும் சுழி வரும்படி, வயரில் மெஷின் நுழைந்தால் வராதபடி எப்படி எழுதுவது என்று சொல்லிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் நோட்டில் முதல் முறையாக நானே என் கையால் ஒரு பக்கம் எழுதினேன்.

அந்த வாரமே முதல் வெட்டு வரிசையை அச்சடித்து ஆபீஸ் சுவரில் ஒட்டினோம். காலையிலிருந்து கூட்டம். ரோட்டில் எதிரெதிராக நின்றவர்கள் ஒருவர் தோளுக்கு மேலே இன்னொருவர் எட்டி, விரலை வைத்துத் தங்கள் பெயரைத் தேடினார்கள். கொஞ்ச நேரத்தில் சண்டை தொடங்கியது. போராட்டம் ஆபீசுக்குள்ளேயும் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகக் காது கொடுத்தேன்.

"அவன்து கட்டக் கரும்புய்யா, என்து நடவு. அவன எப்படி எனக்கு முன்னாடி போட்ட?"

"கட்டக் கரும்பு முன்னாடிதான்டா முத்தும், இதுகூடத் தெரியாம நீ இன்னா வெவசாயி!"

வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்க்கிற கரும்புக்கும் புதிதாக நட்டதற்கும் வருஷா வருஷம் நடக்கிற சண்டை. அதைக் கேட்டுக்கொண்டே, அன்றைக்குத்தான் நான் டப்பாவைத் திறந்து வயிறாரச் சாப்பிட்டேன்.