மேலேயும் கரண்ட் இல்லையா?

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான் ஒரு வடிகட்டின முட்டாள். ஊரே கண் கலங்கி நின்ற கண்ணீர் அஞ்சலி பேனருக்கு முன்னால், இது எத்தனை அடி அகலம் இருக்கும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தவன். பேனரில் இருந்தவர் வேறு யாரோ அல்ல, என்னோடு பல வருடம் மேடையேறியவர். இறந்துபோன மனிதரைப் பார்த்துப் பொறாமைப்படுவதற்குத் தனித் திறமை வேண்டும். எனக்கு இருப்பதே அந்த ஒரு திறமைதான் என்பாள் என் மனைவி.

இது நடந்தது சென்ற வருடம், சம்பா அறுவடை முடிந்து வயல்களில் வைக்கோல் கிடந்த சமயத்தில். கும்பகோணத்திலிருந்து திருப்பனந்தாள் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே உரக்கடை வைத்திருக்கிறேன். அது பிழைப்பு. உயிர் என்னவோ நாடகத்தில். பொங்கலுக்குப் பொங்கல் நாங்கள் போட்ட நாடகங்களில் நான் காமெடியன், அவர் கதாநாயகன். என்னைவிடச் சில மாதங்கள்தான் மூத்தவர். ஆனாலும் அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது. பிறப்பதிலேயே என்னை முந்திக்கொண்ட மனிதர் பிற்பாடு விடுவாரா?

அரிசி மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை, எங்கள் பக்கம் படம் எடுக்க வந்த ஒரு சினிமாக் கம்பெனி பிடித்துக்கொண்டது. இடைவேளைக்கு முன்னால் செத்துப்போகிற அப்பா வேடம். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகச் செத்தார். அதற்கப்புறம் கதையில் எந்த அப்பா சாக வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அதே படத்தில் நானும் இருக்கிறேன். கூட்டத்தோடு கூட்டமாக ஆற்றங்கரையில் நடந்து போவேன். முதுகு மட்டும் தெரியும். அதையும் பக்கத்து வீட்டுக்காரர் முதுகு என்று இன்றுவரை சாதிக்கிறாள் என் மனைவி.

பிறகு சீரியல். அங்கே அவருக்கு நடிக்கிற வேலைகூட இல்லை. கதாநாயகியின் செத்துப்போன அப்பாவாக, மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்கினார். தினமும் ஒரு பெண் அந்தப் படத்தின் முன் நின்று அழும். எங்கள் தெருப் பெண்களும் கூடவே அழுவார்கள். நான் உயிரோடு குட்டிக்கரணம் போட்டு வாங்காத பெயரை அந்த மனிதர் சும்மா தொங்கியே வாங்கிவிட்டார்! அவருக்கு ஊரில் பாராட்டு விழா என்றாலே எனக்கு மூட்டுவலி வந்துவிடும். ஒன்றுக்கும் போனதில்லை.

அவர் நிஜமாகவே போனபோது பதினாறாம் நாள் காரியம் முடித்து, கல்யாண மண்டபத்தில் படத்திறப்பு வைத்தார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வாரம் முழுக்கப் பீரோக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். நான் திட்டமிட்டது அஞ்சலி அல்ல. ஊர் மறந்துபோன ஒரு நியாயத்தை மைக்கில் சொல்லிக் கணக்கைத் தீர்த்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

"செத்தவரோட என்னங்க போட்டி உங்களுக்கு?" என்றாள் மனைவி. "அதுல ஜெயிக்கணும்னா என்ன செய்யணும்னு தெரியும்ல?"

மண்டபத்தில் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. சீரியலில் தொங்கிய அதே படம்! அவர் இருந்த படங்களிலேயே அதுதான் நன்றாக இருந்ததாம், அதையே பெரிதாக்கியிருந்தார்கள். ஆக, சொந்தப் படத்திறப்புக்கும் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். மாலைகள் வந்துகொண்டே இருந்தன. ரோஜா, சம்பங்கி, ஆளுயரத்தில் ஒன்று. நான் வாங்கிப் போய் மேஜையில் வைத்திருந்த மாலை அவற்றுக்கு நடுவில் பூணூல் மாதிரி தெரிந்தது.

பேசியவர்கள் எல்லாரும் அவர் வாழ்க்கையை வரிசையாகச் சொன்னார்கள். மில், மேடை, சினிமா, சீரியல். ஒருவர் வாயிலும் என் பேச்சு வரவில்லை. முன்வரிசையில் அவர் மனைவி, எனக்கு அண்ணி முறை, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

ஒரு பொங்கல் நாடகம். அவர் பண்ணையார், நான் பண்ணையாள். கடைசிக் காட்சியில் அவர் என் மடியில் தலை வைத்துச் செத்துப்போக வேண்டும். பக்கம் பக்கமாக வசனம் பேசிச் செத்தார். கூட்டம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, வெளிச்சத்துக்கு வயலிலிருந்து வந்த பச்சைப்பூச்சி ஒன்று பிணத்தின் மூக்குக்குள் புகுந்துவிட்டது. பிணம் தும்மியது. சாதாரணத் தும்மல் இல்லை, திரைச்சீலை ஆடுகிற தும்மல். கூட்டம் ஓவென்று கத்தியது. நாடகம் தொலைந்தது என்று திரை இழுக்கிறவர் கயிற்றைப் பிடித்துவிட்டார். அன்றைக்கு அந்த நாடகத்தைக் காப்பாற்றியது நான். மடியில் கிடந்தவரைப் பார்த்துச் சட்டென்று ஒரு வரி சொன்னேன். எழுத்தில் இல்லாத வரி. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிணமும் அசராமல் கண்ணைத் திறந்து, "உன்னைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரலடா" என்று சொல்லிவிட்டு மறுபடி செத்தது. சிரித்த கூட்டம் அழுதது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள். மூன்றாவது தடவையும் செத்தார். மறுநாளிலிருந்து ஊரெல்லாம் ஒரே பேச்சு, "என்னமா செத்தாரு!" அவரைச் சாகவிட்ட என்னை ஒருத்தர் சீந்தவில்லை.

இதையெல்லாம் மண்டபத்தில் விலாவாரியாகச் சொன்னேன். நான் சொன்ன அந்த வரிக்கு வந்ததும், நடிகன் புத்தி, கொஞ்சம் நிறுத்தினேன். வலது கையைத் தூக்கி, மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்து, "அப்ப நான் அவரு முகத்தைப் பாத்து என்ன கேட்டேன் தெரியுமா?" என்றேன்.

மண்டபமே சேர்ந்து சொன்னது.

"என்னங்கய்யா திரும்பி வந்துட்டீங்க, மேலயும் கரண்ட் இல்லையா?"

டீக்கடைக்காரர் சொன்னார். பள்ளிக்கூட டீச்சர் சொன்னார். அந்த நாடகம் நடந்தபோது பிறந்தேயிராத காலேஜ் பையன்கள் சொன்னார்கள். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த சமையல்காரர் உள்ளேயிருந்து சொன்னார். அப்புறம் அத்தனை பேரும் சிரித்தார்கள், படத்திறப்பு என்பதையும் மறந்து. தூக்கிய கையை இறக்கவும் தோன்றாமல் நின்றேன். வாரம் முழுக்கப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம், ஊர்ப் பொதுக்குளம் மாதிரி எல்லாருக்கும் பாத்தியப்பட்டதாக இருந்தது.

"யாருய்யா சொன்னது உங்களுக்கு?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டேன்.

"வேற யாரு? மேல மாலையோட உக்காந்திருக்காரே, அவருதான்!" என்றார் டீக்கடைக்காரர். "யாரு வந்து பாராட்டுனாலும் இந்தக் கதையைச் சொல்லாம மேடையை விட்டு எறங்க மாட்டாருண்ணே. நீங்கதான் ஒரு விழாவுக்கும் வர மாட்டீங்களே."

சென்னையிலிருந்து வந்திருந்த சீரியல் ஆள் ஒருவர் எழுந்து கும்பிட்டார். "சார், அந்தக் கரண்ட் சார் நீங்கதானா? எங்க செட்டுல உங்களைத் தெரியாத ஆளே கிடையாது சார். 'அந்த ஆளு மட்டும் மெட்ராஸுக்குக் கிளம்பி வந்திருந்தா நானெல்லாம் திரும்ப மில்லுக்கே போயிருக்கணும்'னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. மேடையில் வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்க அவர்தான் பக்கத்தில் இருப்பார். பழக்கதோஷத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். படம்தான் இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தப் படத்தில் அவர் சிரிக்கவே இல்லை. சீரியல்காரர்கள் சோகமாக இருக்கச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மடியில் கிடந்த முகம் அது.

என் பூணூல் மாலையை எடுத்துப் படத்துக்குப் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

பொறாமை தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. இன்னும் அதிகமாகியிருக்கிறது. எனக்குத் தெரியாமல் ஊர் ஊராகப் போய் என் பெருமையைப் பேசியிருக்கிறார். நான் கண்ணாடி முன்னால் வாரம் முழுக்க நின்றும் அவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி தயார் செய்யவில்லை. எதை எதையோ விட்டுக்கொடுத்தேன், இதிலுமா என்னை முந்த வேண்டும்? கடையில் கரண்ட் போகும்போதெல்லாம் இந்த எரிச்சல் எனக்கு வருகிறது. எங்கள் ஊரில் அது அடிக்கடி போகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அண்ணியின் முன்னால் போய் நின்றேன். துக்கத்துக்கு வந்த இடத்தில் போய்ட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் போகவும் கால் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம்தான், ஆனால் எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டால்? வாய் சும்மா இருக்காத ஜென்மம் ஆயிற்றே, என்னத்தையாவது பேச வேண்டுமே என்று, "இவ்வளவு ஜோரா நடந்துச்சே அண்ணி, நாளைக்கு என் படத்திறப்புல யாரு பேசுவா?" என்று அசட்டுச் சிரிப்போடு கேட்டு வைத்தேன்.

அண்ணி சிரிக்கவில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்து ஒரே வரிதான் சொன்னார்.

"பேச வேண்டியவருதான் முந்திக்கிட்டாரே, தம்பி."