நாற்பது கணினிகளும் ஒரு கையொப்பமும்

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்த காட்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது. கொடைக்கானலில் நான் கணிதத்துறைத் தலைவராகவும் கணினி ஆய்வகப் பொறுப்பாளராகவும் பணியாற்றிய கல்லூரி அது. கணினியின் முன் கம்பளிக் குல்லாவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவர், கடைத்தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்குக் குல்லாவும் கையுறையும் விற்றுக்கொண்டே கடையின் பின்பாதியில் கணினி பழுதுபார்த்துவந்த பாய். ஊருக்கே அவர் பாய்தான், எனக்கும் அப்படியே. அவர் ஒரு நீண்ட வரியைத் தட்டெழுதி, பொத்தானை அழுத்திவிட்டு, குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். திரையில் எதுவும் நிகழவில்லை. ஏழு நிமிடம் கழித்து வெள்ளைக் கோடு அடுத்த வரியில் வந்து நின்றது. நான் எழப்போனேன். அவர் கை காட்டி அமர்த்தினார். வேறொரு கோப்பைத் திறந்து, அதன் கடைசி வரிகளை உதடு அசையப் படித்து முடித்த பிறகே, "ஏறிருச்சு சார்" என்றார்.

அந்த வரிக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தது. எங்கள் மாணவர்கள் கணினிவழி நுழைவுத்தேர்வு எழுத அதுவரை திண்டுக்கல்லுக்கு இறங்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் ஒரு மரம் விழுந்தால் போதும், ஆடலூரிலிருந்தும் வடகவுஞ்சியிலிருந்தும் புறப்பட்ட பிள்ளைகள் பாதி வழியில் பேருந்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்க, கீழே தேர்வு முடிந்துவிடும். மலைமேல் ஒரு மையம் வேண்டும் என்று தேர்வை நடத்தும் அமைப்புக்கு நான் பல ஆண்டுகள் கடிதம் எழுதினேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இசைந்தார்கள். ஆய்வகத்தின் நாற்பது கணினிகளிலும் அவர்கள் அனுப்பும் தேர்வு மென்பொருளை நிறுவி, யாவும் ஆயத்தம் என்று பொறுப்பாளர் கையொப்பமிட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும். மறுநாள் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். குறை இருந்தால் மையம் திண்டுக்கல்லுக்கே போய்விடும். மென்பொருள் எங்கள் கைக்கு வந்தபோது கடிதம் அனுப்ப இரண்டே நாள்கள் இருந்தன.

ஒவ்வொரு கணினியிலும் முறைப்படி நிறுவினால் அது எட்டு இடங்களில் நின்று கேள்வி கேட்டது. சம்மதமா, எந்தக் கோப்புறையில் வைப்பது, அடுத்து, மறுபடி அடுத்து. ஒரு பொத்தான் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முற்பகல் முழுவதும் மல்லாடி நான்கு கணினிகளை முடித்தேன். அவற்றில் ஒன்று தவறாக நிறுவப்பட்டிருந்தது. குல்லாக் கடைக்காரரை அழைப்பது என் நிலைக்குக் குறைவு என்று நான் நினைத்ததை இங்கே மறைப்பதற்கில்லை. ஆய்வக உதவியாளராக இருந்த அம்மையார்தான் என்னைக் கேட்காமலே அவருக்குப் போன் செய்துவிட்டார்.

பாய் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு சார் அடுத்து அடுத்துன்னு அமுக்கிக்கிட்டு? கேள்வியே கேக்காதன்னு மொதல்லயே சொல்லிட்டா அது பாட்டுக்கு ஏறிக்கிரும்" என்றார். சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, நிர்வாகியாகத் திறக்கும்படி சொல்லி, அந்தக் கறுப்புத் திரையை வரவழைத்தார். மென்பொருளின் பெயரை எழுதி, சாய்கோடுகளோடு சில துணைக் கட்டளைகளைச் சேர்த்தார். கடைக்குப் புதிதாக வந்த வேலையாளிடம் சொல்வதைப்போல அவற்றை எனக்கு விளக்கினார்: முடியுற வரைக்கும் காத்திரு, கேள்வி கேக்காத, நீயா ரீஸ்டார்ட் பண்ணாத, நடந்தத எழுதி வை. கேள்வி கேட்காமல் நிறுவும்போது தவறு நேர்ந்தாலும் கணினி வாய் திறக்காது. ஆகவே எழுதி வைத்ததைப் படிக்காமல் முடிந்தது என்று சொல்லக்கூடாது என்பது அவர் கடைப்பிடித்த நடைமுறை. அன்று மாலைக்குள் இருபத்தொரு கணினிகள் முடிந்தன. ஒவ்வொன்றிலும் அவர் அந்தக் குறிப்பைத் திறந்து படித்தார். எனக்கு அது வீண் நேரமாகத் தோன்றியது.

மறுநாள் அவருடைய தங்கை மகளின் நிக்காஹ் பழனியில். அதை முன்பே சொல்லியிருந்தார். வரியை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, "இருக்கிறத அப்படியே அடிங்க சார். நாளக் கழிச்சு வெள்ளனே வந்து ஒரு தடவ பாத்துட்டு, அப்புறம் நீங்க லெட்டர் அனுப்பலாம்" என்றார். கடிதம் நிக்காஹ் அன்று மாலைக்குள்ளேயே போயாக வேண்டும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. பத்தொன்பது கணினிகளுக்கு இன்னொருவர் வந்து எனக்குச் சான்று தர வேண்டுமா என்ற எண்ணமே காரணம்.

முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் கோவைகளைச் சுருக்கிக் காட்டியவன் நான். வேண்டாத உறுப்பை அடித்துவிட்டு விடையைச் சிறிதாக்குவது என் கையோடு ஊறிய பழக்கம். பாயின் தாளைப் பார்த்ததும் அதையே செய்தேன். காத்திரு என்பது எதற்கு? காத்திருக்கத்தான் நான் இருக்கிறேனே. எழுதி வை என்பதும் மிகை. நிர்வாகியாகத் திறப்பதையும் வெறும் சடங்கு என்று கருதி விட்டுவிட்டேன். சுருங்கிய வரியை முதல் கணினியில் தட்டினேன். வெள்ளைக் கோடு உடனே அடுத்த வரிக்கு வந்துவிட்டது. ஏழு நிமிடம் ஒரு நொடியானதில் எனக்கு உண்டான பெருமிதத்தை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்த மென்பொருள் திரையில் தன் படம் எதையும் வைக்காது. தேர்வு நாளில் மேலிடத்து அழைப்பு வரும்போதுதான் விழிக்கும். எனவே ஐயம் கொள்ள எனக்குக் காரணம் ஏதும் கிடைக்கவில்லை. உதவியாளர் அம்மையார் கதவோரம் நின்று, "பாய் செஞ்சா ஏழு நிமிசம், நீங்க செஞ்சா கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள. நீங்களே பஜார்ல ஒரு கடையப் போட்டுறலாம் சார்" என்றார். அதைக் கேலியென்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. மாலை நான்கு மணிக்கு, நாற்பது கணினிகளும் ஆயத்தம் என்று கையொப்பமிட்டுக் கடிதத்தை அனுப்பினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாய் வந்தார். பழனியிலிருந்து முதல் பேருந்தில் ஏறியிருக்கிறார். கல்யாணச் சட்டையின் மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். இருபத்திரண்டாவது கணினியில் குறிப்பைத் தேடினார், இல்லை. நிறுவப்பட்டவற்றின் பட்டியலைத் திறந்தார்; மென்பொருள் அதிலும் இல்லை. அடுத்ததில் பார்த்தார். அதற்கடுத்ததிலும். நான் என்ன தட்டினேன் என்று கேட்டார்; சொன்னேன். நிர்வாகியாகத் திறக்காததால் கணினி அனுமதி மறுத்திருக்கிறது. கேள்வி கேட்காதே என்று நாமே சொல்லிவிட்டதால் அதையும் தெரிவிக்காமல் விலகிக்கொண்டது. பத்தொன்பது முறையும் அதுவே நடந்திருக்கிறது.

"ஒண்ணுலயும் ஏறல சார்" என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. "பரவால்ல, வெரசா முடிச்சிரலாம். எல்லாத்துலயும் ஒரே நேரத்துல ஓட விட்டுருவோம். ஒரு மணி நேரச் சோலி."

நான் கடிதம் அனுப்பிவிட்டதை அப்போதுதான் சொன்னேன்.  எழுதி வைக்கும் குறிப்பில் நாளும் நேரமும் விழும் என்றார் அவர். அதிகாரி திறந்து பார்த்தால், நேற்று மாலை ஆயத்தம் என்று நான் கையொப்பமிட்ட கணினியில் இன்று காலைதான் மென்பொருள் ஏறியது தெரிந்துவிடும்.

என் வாழ்க்கையில் நான் ஒருவரிடமும் கேட்டிராத ஒன்றை அப்போது கேட்டேன். உதவியாளர் அம்மையார் இன்னும் வந்திருக்கவில்லை. ஆய்வகத்தில் நாங்கள் இருவரே. "நேத்துத் தேதியப் போட்டுட்டு ஏத்தலாமா பாய்?" என்றேன். கணினியின் கடிகாரத்தை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளிவிட்டால் குறிப்பிலும் நேற்றைய நாளே விழும் என்பதைக் கணக்கிடும் அறிவு எனக்கு இருந்தது. ஒரு மாணவன் வருகைப் பதிவேட்டில் தேதி திருத்தியதற்காக அவனை நான் ஒரு பருவம் முழுவதும் வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "அது ஆகாது சார். கடிகாரம் ஒருதரம் பின்னால போச்சுன்னா இந்த சாஃப்ட்வேர் பூட்டிக்கிரும். பரீச்சையன்னிக்கு மேலருந்து கூப்பிடும்போது பதில் சொல்லாது. பிள்ளைங்க உக்காந்து முழிச்சிக்கிட்டு இருக்கும்."

தொழில்நுட்பக் காரணம் என்றால் எனக்கு மதிப்பு உண்டு. தலையசைத்தேன். மறுப்பு அவரிடமிருந்து வராமல் இயந்திரத்திடமிருந்து வந்தது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தேன். அவர் பத்தொன்பது கறுப்புத் திரைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். நான் என் அறைக்குப் போய் இரண்டாவது கடிதத்தை எழுதினேன். நேற்றைய கடிதத்தில் கண்டபடி நாற்பது கணினிகள் ஆயத்தமாக இருக்கவில்லை, இருபத்தொன்றே இருந்தன, சரிபார்க்காமல் கையொப்பமிட்டது என் பிழை, மற்றவை இன்று காலை நிறுவப்பட்டன. நான்கே வாக்கியங்கள். ஆறு தாள்களைக் கிழித்தேன்.

அதிகாரி பத்தரை மணிக்கு வந்தார். கொண்டை ஊசி வளைவுகள் அவரைப் படுத்தியிருந்தன. ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தபடியே ஆய்வகத்துக்குள் நுழைந்தார். இரண்டாவது கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். முப்பதாவது கணினியில் உட்கார்ந்து குறிப்பைத் திறக்கச் சொல்லி, நேரத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். இன்னும் நான்கு கணினிகளில் அவ்வாறே செய்தார். நேற்றைய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்று நான் கேட்டதற்கு, "வேணாம் சார், ரெண்டும் ஃபைல்ல இருக்கட்டும்" என்றார். வேறு பாராட்டோ கண்டனமோ இல்லை. மையம் எங்களுக்கே என்ற தாளில் கையொப்பமிட்டு, ஒரு தேநீர்கூடக் குடிக்காமல் கீழே இறங்கிவிட்டார்.

தேர்வு நாளன்று மழை. பண்ணைக்காட்டுப் பிள்ளைகள் ஜீப்பில் நெருக்கியடித்து வந்து சேர்ந்தார்கள். வராந்தா முழுவதும் குடைகள் விரிந்து கிடந்தன. ஒன்பதரை மணிக்கு நாற்பது திரைகளும் ஒன்றாக ஒளிர்ந்தபோது நான் சாளரத்துக்கு வெளியே நின்றிருந்தேன். என் அருகில் பாய் நின்றிருந்தார். கடையை மூடிவிட்டு வந்ததற்கு என்ன தரவேண்டும் என்று கேட்டேன். "மழைல எவன் சார் குல்லா வாங்க வாரான்" என்றார்.

அதன்பின் அவருடைய கடைக்குப் போவது என் வழக்கமாயிற்று. பணி ஓய்வுக்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள்களாவது போய்விடுவேன். அவருடைய முக்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பேன்; அவர் ஒரு கணினியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, பேரம் பேசும் பயணியரிடம் பாதி வாயால் பேசிக்கொண்டிருப்பார். நாங்கள் நண்பர்கள் என்று இருவரும் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. என் மனைவி மருத்துவமனையில் கிடந்த நாள்களில் மதுரைக்கு என்னோடு வந்து தங்கியவர் அவர்.

சென்ற மாதம் என் பழைய மடிக்கணினியில் கடிகாரம் எப்படியோ ஓராண்டு பின்னுக்குப் போயிருந்தது. அதை அறியாமல் அதில் ஒரு மென்பொருளை நிறுவினேன். பாய் காட்டிய வழியில், நிர்வாகியாகத் திறந்து, எழுதி வை என்பதையும் விடாமல் சேர்த்து. குறிப்பைப் படித்தபோது சென்ற ஆண்டின் நாள் பதிவாகியிருந்தது. கடிகாரத்தைச் சரிசெய்தேன். மென்பொருள் முகம் சுளிக்காமல் திறந்தது. எதுவும் பூட்டிக்கொள்ளவில்லை. நான் ஐயத்தை ஐயமாகவே விட்டுவைப்பவன் அல்லன். கல்லூரிக்குப் போனேன். அந்தத் தேர்வு மென்பொருள் இன்றும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. என் இடத்தில் இப்போது பொறுப்பிலிருப்பவரிடம் விளக்கிக் கேட்டேன். அவர் வியப்போடு, பின்தேதியில் ஏற்றிவிட்டுக் கடிகாரத்தைத் திரும்பச் சரியாக வைத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது, அன்றும் ஆகியிருக்காது என்றார்.

முதலில் வந்தது கோபம்தான். என்னை ஏமாற்றியிருக்கிறார். மூஞ்சிக்கல் சந்திப்பிலிருந்து கடைத்தெருவுக்கு ஏறும்போது அந்தக் கோபம் மூச்சிரைப்போடு சேர்ந்து ஏறியது. கடையில் கூட்டம். ஒரு குடும்பத்துக்கு நான்கு குல்லாக்களைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் நகரும்வரை நின்றிருந்து, அன்று கடிகாரத்தை மாற்றியிருக்க முடியும்தானே என்று கேட்டேன். எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை.

"முடியும் சார். ரெண்டு நிமிச வேல" என்றார்.

பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றேன்.

அறுந்த நூல் துண்டை விரலில் சுற்றி எறிந்துவிட்டு, வாடிக்கையாக நான் உட்காரும் முக்காலியின் மேலிருந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தார்.

"மாத்திக் குடுத்திருந்தா, அதுக்கப்புறம் என் மூஞ்சியில முழிக்க உங்களுக்குப் பிடிச்சிருக்காது சார். இந்தத் தெருப் பக்கமே வந்திருக்க மாட்டீங்க."

உண்மை. நான் வந்திருக்க மாட்டேன். என் ரகசியம் தெரிந்த ஒருவரை எதிரில் கண்டால் சாலையின் மறுபக்கம் போய்விடும் மனிதன் நான். அதை அவர் என்னோடு பழகத் தொடங்கிய மூன்றாம் நாளே கண்டுகொண்டிருக்கிறார். நன்றி சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அன்று நான் முக்காலியில் உட்கார்ந்தேன். அவர் எதிர்க்கடையைப் பார்த்து இரண்டு விரல்களைக் காட்டினார். தேநீர் வந்தது.