பொருளாளரோடு வரிசையில் நின்றவர்

உருகுவேயின் பாய்சந்தூ ஊரில், மணல் களத்தில் குண்டு உருட்டி ஆடும் எங்கள் போச்சாஸ் கிளப்பின் கேண்டீனை நான் எடுத்து நடத்தத் தொடங்கிய காலத்தில் எலாதியோ பெருஸ்கோதான் அங்கே பொருளாளர். ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்கு வாசிப்பார். ஆடுகளத்துக்கு மணல் வாங்கியதில் மிஞ்சிய சில்லறை வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. தலைநகர் மொந்தெவிதேயோவில் அண்ணன் மகள் கிரிசெல்தா இருந்தாள்.

அவருடைய சீட்டாட்டக் கூட்டாளி லீபெர் ஒல்மேதோ. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை வரை கேட்கும்.

ஒரு குளிர்காலத்தில் எலாதியோ வீட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. லீபெர் போனபோது அவர் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாராம். பணம் கட்டியாயிற்று என்று சாதித்தார். கட்டியது உண்மைதான், ஆனால் தண்ணீர் வரியை. அதுவும் திரும்பத் திரும்ப. சமையலறையில் தண்ணீர் வடிகட்டும் இயந்திரங்கள் மூன்று பிரிக்காமல் கிடந்தன. ஒரே விற்பனையாள் மூன்று முறை வந்து கதவைத் தட்டியிருக்கிறான்.

லீபெர் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக அந்தக் கடைக்குப் போனார். திருப்பி எடுப்பதில்லை என்றார்களாம்.

"வீட்ல இருக்கறது ஒரு ஆளு, அவருக்கு ஒரு வாய். ஆத்துத் தண்ணி மொத்தத்தையும் அவரே குடிச்சுத் தீர்ப்பாருன்னு நெனச்சீங்களா?" என்று அவர் போட்ட சத்தத்தில், கடைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பணம் வந்துவிட்டது.

எலாதியோவிடம் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாதம் பிறந்ததும் தன்னுடைய பில்களை ஒரு பையில் திணித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். கண் சரியாகத் தெரியவில்லை, எதை எங்கே கட்டுவது என்று குழம்புகிறது, கூட வந்தால் நல்லது என்றார். எலாதியோவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இத்தனை வருஷம் பஸ்ஸை எப்படிடா ஓட்டினே? இதையெல்லாம் முதல்ல தேதிவாரியா அடுக்கு" என்று திட்டிக்கொண்டே இரண்டு பேருடையதையும் அடுக்கினாராம். சேர்ந்து போய் வரிசையில் நின்றார்கள். எலாதியோவின் பர்ஸை லீபெர் தொடவில்லை. எண்ணிக் கொடுத்ததும் கையெழுத்துப் போட்டதும் எலாதியோதான். லீபெர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். பிறகு மாதாமாதம் இதுவே பழக்கமாயிற்று. உதவுவது தான்தான் என்று எலாதியோ நம்பினார். கிளப்பில் எல்லாரிடமும், "பாவம் லீபெர், ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது அவனுக்கு" என்று சொல்வார். லீபெர் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார்.

இப்படியே கொஞ்ச காலம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேசை நிறைய ஆட்கள் இருக்கும்போது, எலாதியோ சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். கணக்கு வாசிக்க எழுவது போலவே நிமிர்ந்து நின்றார்.

"என் பென்ஷன் பணத்தை இவன்தான் திருடறான். எல்லாருக்கும் தெரியட்டும்."

லீபெரின் முகம் வெளுத்துப்போனது. அந்தப் பெரிய குரல் அன்றைக்குச் சின்னதாகத்தான் வந்தது.

"உன் பணத்தை யாராவது பாத்துக்கணும்தான் எலாதியோ. கிரிசெல்தா வந்து எல்லாத்தையும் பாக்கட்டும். நானே கூப்பிடறேன்."

என் கல்லாப்பெட்டி அருகே இருந்த போனிலேயே கூப்பிட்டார். இனிமேல் அந்த வீட்டு வாசலை மிதிக்காதே என்று நண்பர்கள் எவ்வளவோ சொன்னார்கள். மறுநாள் காலையில், எங்கள் ஊர் மூலிகைத் தேநீரான மாத்தேக்குரிய குடுவையும் வெந்நீர் பிளாஸ்க்குமாக அவர் அங்கே போய்விட்டார். எலாதியோவுக்கு முந்தின நாள் நடந்தது எதுவும் நினைவில்லை. மாத்தேவை ஏன் இவ்வளவு தாமதமாகக் கொண்டுவந்தாய் என்று கோபித்துக்கொண்டாராம்.

கிரிசெல்தா வந்தாள். முதலில் சந்தேகத்தோடுதான் வந்தாள், அதை அவளே என்னிடம் ஒப்புக்கொண்டாள். வங்கிக்குப் போய் எல்லாவற்றையும் பார்த்தாள். வீடு தேடி வந்த வேறு விற்பனையாட்கள் தின்றது தவிர ஒரு பெசோ குறையவில்லை. அதற்குப் பிறகு லீபெர் சொன்னதைத்தான் கேட்டாள். எலாதியோவுக்கு இன்னும் புரிகிற நாட்கள் இருக்கின்றன, பணத்தை யார் பார்த்துக்கொள்வது என்று அப்படி ஒரு நாளிலேயே அவரையே முடிவு செய்யச் சொல்ல வேண்டும், நாள் கடத்தக் கூடாது என்றார் லீபெர். டாக்டர் பரிசோதித்து, அவருக்குப் புரிகிறது என்று எழுதிக் கொடுத்தார். நோட்டரி அம்மாள் லீபெரையும் கிரிசெல்தாவையும் வெளியே உட்கார வைத்துவிட்டு, எலாதியோவிடம் தனியாக வெகுநேரம் பேசினாள்.

கதவைத் திறந்து வந்தபோது அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தனக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைக் கிரிசெல்தாவுக்குத் தருகிறாராம். லீபெரைப் பற்றியும் கேட்டிருக்கிறாள்.

"அவன் திருடனா இருந்தாலும் இருக்கட்டும், ஆனா அவன் கூட வராம நான் எங்கயும் போக மாட்டேன்கறாரு" என்றாள்.

லீபெர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "வேற ஆள் கிடைக்கல அவனுக்கு" என்றார்.

பில்களெல்லாம் இப்போது வங்கியிலிருந்து தானாகவே போகின்றன. பெரிய தொகை எதுவும் கிரிசெல்தாவுக்குத் தெரியாமல் வெளியே போகாதபடி செய்துவிட்டார்கள். எலாதியோவின் பர்ஸில் மட்டும் எப்போதும் கொஞ்சம் நோட்டுகள் இருக்க வேண்டும் என்று லீபெர் பிடிவாதமாகச் சொன்னார். அதனால்தான் கிளப்புக்கு வர முடிந்த நாள் வரை எலாதியோ தன் பணத்தில் எல்லாருக்கும் ஒரு சுற்று குடிக்க வாங்கிக் கொடுத்தார். நடை தளர்ந்ததும் முதியோர் இல்லத்துக்குப் போனார். அவருடைய வீட்டை வாடகைக்கு விட்டதில் வரும் பணமும் பென்ஷனும் அந்தச் செலவுக்குச் சரியாக இருக்கின்றன. யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னது வலிக்கவில்லையா என்று போன வாரம்தான் லீபெரிடம் கேட்டேன்.

"வலிக்காம இருக்குமா நியெவெஸ்? ராத்திரி பூரா தூக்கமில்ல. ஆனா நான் கோவிச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருந்தா, எதுக்குக் கோவம்னே அவனுக்குத் தெரியாது. நான் வரலங்கறது மட்டும்தான் தெரியும்."

இல்லத்தில் பார்வை நேரம் முடிவதற்குள் போக வேண்டும் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.